தொண்ணூற்றெட்டும் ஒரு பூசணிக்காயும்

5.7.2006, புதன்

இது எங்கள் அச்சகத்திலேயே பிசகிப்போன டைரி. மார்ச் முடிந்ததும் மறுபடியும் மார்ச் வருகிறது. விற்க முடியாது என்று முதலாளியம்மா என் தலையில் கட்டினார். தேதியை நானே அடித்து எழுதிக்கொள்கிறேன். ஓசி டைரிக்கு இது போதும்.

இன்று ஒரு வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு போனார். கீழப்பழுவூர்க்காரர், மகளுக்குக் காதுகுத்து. பத்திரிகையில் பிள்ளையின் போட்டோவைப் போட வேண்டும் என்று சட்டைப் பையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒன்றை எடுத்து நீட்டினார். பென் டிரைவ். என் கம்ப்யூட்டரில் சொருகினேன். ஏதோ புதுசாக வந்திருக்கிறது என்று அது கண்டுபிடித்தது. இதற்கான டிரைவர் கோப்பு எங்கே என்று என்னையே திருப்பிக் கேட்டது. எனக்கென்ன தெரியும்? மூன்று முறை சொருகினேன், மூன்று முறையும் அதே கேள்வி.

"அரியலூர்லயே பெரிய பிரஸ்ஸுன்னு சொல்லித்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். போகும்போது அந்தக் குச்சியை வேட்டியில் துடைத்துக்கொண்டே போனார். என் கம்ப்யூட்டருக்கு என்ன சொறியா சிரங்கா?

6.7.2006

நேற்று மட்டும் இல்லையாம். இந்த மாதத்தில் இது நான்காவது ஆள். முதலாளியம்மா எண்ணி வைத்திருக்கிறார்.

8.7.2006, சனி

முதலாளியம்மா, அதாவது ஜெகதாம்பாள் அம்மா, இன்று கூப்பிட்டுப் பேசினார். அவர் சத்தம் போட்டால் எனக்குப் பயமில்லை. மெதுவாகப் பேசினால்தான் பயம். இன்று மெதுவாகப் பேசினார்.

திருச்சியில் ஒருவர் டிசைன் மட்டும் செய்து கொடுக்கிறாராம். போட்டோ, கலர், எல்லாம் புது கம்ப்யூட்டரில். நாம் அச்சடித்தால் மட்டும் போதுமாம். "தை வரைக்கும் பாக்குறேன் அரியமுத்து. அதுக்குள்ள இந்தப் பொட்டி போட்டோவை எடுக்கலைன்னா, எனக்கு வேற வழி தெரியல." பெட்டியைச் சொன்னார். பெட்டி போனால் அதன் முன்னால் இருக்கும் நாற்காலி எதற்கு? அதில் உட்கார்ந்திருக்கிற நான் எதற்கு?

புது கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டால் தீராதா என்றால் தீராது. எங்கள் தமிழ் எழுத்துகளும் பத்திரிகை வடிவமைக்கிற சாஃப்ட்வேரும் விண்டோஸ் 98-இல் மட்டும்தான் ஓடும். செய்து கொடுத்த கம்பெனியை மூடி நாலு வருடம். ஏழு வருடத்துப் பத்திரிகைகள் அதற்குள் இருக்கின்றன. 'எங்க அக்காவுக்கு அடிச்ச மாதிரியே எனக்கும்' என்று வருகிற தங்கச்சிகள் இந்த ஊரில் எத்தனை பேர்! அவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது?

11.7.2006, செவ்வாய்

மாடியில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் பிரவீணா, படியில் இறங்கி வந்தே சேதி சொன்னாள். விண்டோஸ் 98-க்குக் கம்பெனி இன்றோடு புதிதாக எதுவும் தராதாம். "அண்ணே, அது இனிமே அனாதை. நீங்கதான் மொட்டை போட்டுக்கணும்." ஜெயங்கொண்டத்துப் பெண், வாய் நீளம். எனக்கு மொட்டை போட முடி இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

சிரித்துவிட்டேன். ஆனால் மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை.

19.7.2006, புதன்

அனாதை இல்லை!

பிரவீணா இன்று ஒன்றைக் காட்டினாள். 98-ஐ விடமாட்டோம் என்று இன்டர்நெட்டில் ஒரு கூட்டமே இருக்கிறது. எந்தெந்த நாட்டிலோ உட்கார்ந்துகொண்டு, கம்பெனி கைவிட்டதை இவர்களே சரிசெய்கிறார்கள். பென் டிரைவை எடுக்க வைக்க ஒரு சின்ன கோப்பு. கம்பெனி இதுவரை கொடுத்த எல்லாத் திருத்தங்களையும் இவர்கள் செய்ததையும் சேர்த்து ஒரே மூட்டையாக இன்னொன்று. எல்லாம் இனாம். ஏன் செய்கிறார்கள்? பிரவீணாவுக்கும் தெரியவில்லை. மூட்டையைக் கட்டுகிறவருக்குப் பெயர்கூட இல்லை, பெயர் இருக்கும் இடத்தில் ஒரு பூனைப் படம்.

பூனைப்படக்காரரே, உங்களை எனக்குப் பிடித்துவிட்டது.

22.7.2006, சனி

இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் டைரியிடம் என்ன வெட்கம்.

மாடிக்குப் போனேன். பென் டிரைவை வேலை செய்யவைக்கும் அந்தக் கோப்பை எடுத்தேன். பத்திரமாகக் கீழே கொண்டுவந்தேன். எதில்? பென் டிரைவில்.

சொருகினேன். டிரைவர் எங்கே என்று கேட்டது. இதோ இதற்குள்தான் இருக்கிறது, எடுத்துக்கொள் என்று வாய்விட்டே சொன்னேன். அது மறுபடி கேட்டது. அப்புறம்தான் எனக்கே உறைத்தது. அச்சு மெஷின் ஓட்டும் முத்துசாமி அண்ணன் எட்டிப் பார்த்து, வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டாயா என்று கேட்டார். அவருக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவருக்கே புரிந்துவிட்டது.

மேலே போய் ஃபிளாப்பி கேட்டேன். பிரவீணா ஏன் என்று கேட்கவில்லை. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். கடையில் ஃபிளாப்பி இல்லை.

24.7.2006, திங்கள்

பேருந்து நிலையத்துப் பக்கம் பழைய கடையில் ஃபிளாப்பி கிடைத்தது. எடுத்துவிட்டது! பென் டிரைவ் திறந்துவிட்டது! சிந்தாமணியிடம் போய்ச் சொன்னேன். "நல்லாயிருக்கட்டும், மொதல்ல அரிசி ஊறப்போட்டிருக்கேன், அரைச்சிட்டு வாங்க" என்றாள். கட்டிய மனைவி இப்படி.

2.9.2006

பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறேன். பென் டிரைவ் திறக்கிறது. ஆனால் டிஜிட்டல் கேமராவில் எடுத்த பெரிய போட்டோ என்றால் திரை அப்படியே உறைந்து நிற்கிறது. நேற்று நாலு முறை அணைத்துப் போட்டேன். முதலாளியம்மா பார்த்துக்கொண்டே போனார்.

பூனைப்படக்காரர்கள் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: முழு மூட்டையையும் போடு. பிரவீணா சி.டி.யில் அடித்துக் கொடுத்துவிட்டாள். ஒரு மணி நேரம் ஓடுமாம், நடுவில் நிறுத்தக் கூடாதாம். ஒரு மணி நேரம் கம்ப்யூட்டரைச் சும்மா விட இங்கே எந்த நாள் இருக்கிறது? உள்ளாட்சித் தேர்தல் வேறு வருகிறது.

28.9.2006

ஒரு நாள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை, ஆயுத பூஜை. அன்று யாரும் வேலை கொடுக்க மாட்டார்கள். பூஜை சாயங்காலம்தான். காலையில் போட்டுவிட்டால் மதியத்துக்குள் முடிந்துவிடும். முதலாளியம்மாவிடம் சொல்ல வேண்டாம். சொன்னால் ஆயிரம் கேள்வி கேட்பார். ஓடவைத்துவிட்டுக் காட்டிக்கொள்வோம்.

1.10.2006, ஞாயிறு

நாசமாப் போச்சு.

காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்தேன். எவ்வளவு முடிந்தது என்று காட்டும் கோடு திரையில் நகர்ந்தது, கால்வாசி வந்தது. மானிட்டரை அணைத்து, மேலே துணியைப் போட்டு மூடினேன். அந்த நேரம் பார்த்து, பூசணிக்காயும் பொரிகடலையும் வாங்கி வரச் சொல்லி முதலாளியம்மா கையில் பையைத் திணித்தார். போனேன். கடைவீதியில் என்ன கூட்டம்! சுண்ணாம்புக்கல் லாரிக்காரர்கள் எல்லாரும் வாழைக்கன்றுக்கு அடித்துக்கொள்கிறார்கள். நல்ல பூசணிக்காயாகப் பொறுக்கி எடுத்தேன், தட்டித் தட்டிப் பார்த்து. என் தலையில் யாராவது தட்டியிருக்கக் கூடாதா?

திரும்பி வந்தால் பூஜை முடியும் தறுவாயில் இருந்தது. ஞாயிறு சாயங்காலம் ராகு காலம் வருகிறது, காலையிலேயே முடித்துவிடுவோம் என்று முதலாளியம்மா மாற்றிவிட்டார். மெஷினுக்கு மாலை, கட்டிங் கத்திக்குச் சந்தனம், என் கம்ப்யூட்டருக்கு நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. மெயின் சுவிட்ச் அணைந்திருந்தது.

முத்துசாமி அண்ணன் சொன்னார்: "உன் பொட்டிக்குக் கீழ இருக்க பேட்டரி டப்பா கத்திக்கிட்டே இருந்துச்சுப்பா. சாமி கும்புடறப்ப என்ன சத்தம்னு அமத்திட்டேன்."

நடுவில் நிறுத்தக் கூடாது. நடுவில் நிறுத்தக் கூடாது.

பூஜை போட்ட ஆயுதத்தை நாளை மறுபூஜை வரைக்கும் தொடக் கூடாது. சாவி சாமி படத்துக்கு முன்னால். அந்தப் பொட்டு வைத்த பெட்டியைப் பார்த்துக்கொண்டே பொரியைத் தின்றேன். பூசணிக்காயை முத்துசாமி அண்ணன் வாசலில் உடைத்தார். என்னத்த சொல்ல, யார்கிட்ட சொல்ல?

2.10.2006, திங்கள்

கறுப்புத் திரை. வெள்ளையில் ரெண்டு வரி ஆங்கிலம். ஏதோ ஒரு கோப்பைக் காணவில்லை என்கிறது. அவ்வளவுதான்.

விஜயதசமியும் அதுவுமாக வாசலில் மூன்று வேட்பாளர்கள். பன்னிரண்டாம் தேதிக்குள் நோட்டீஸ் வேண்டும். ஒருவருக்குப் பூட்டு சாவி, ஒருவருக்குக் கத்தரிக்காய். மூன்றாமவருக்கு இன்னும் சின்னமே தெரியாது, ஆனால் போட்டோவோடு வந்துவிட்டார்.

முதலாளியம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லாமல் செய்ததை, துணி போட்டு மூடியதை, பூசணிக்காயை. திட்டியிருந்தால் தேவலை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பூசையைத் தள்ளி வெச்சிருக்க மாட்டேனா?"

இந்தக் கேள்வியைத்தான் நான் எதிர்பார்க்கவே இல்லை. பதினொரு வருடம் இவரிடம் வேலை பார்த்து என்னத்தைத் தெரிந்துகொண்டேன்?

நாளை சாயங்காலம் வரை தருகிறார். அதற்குமேல் நோட்டீஸ் வேலை திருச்சிக்கு. தேர்தல் வேலை போனால் தை வேலையும் பின்னாலேயே போய்விடும். அவர் சொல்லவில்லை, எனக்கே தெரியும்.

மதியம் பிரவீணா சென்டரைத் திறந்ததும் நடந்ததை அந்தக் கூட்டத்துக்கு எழுதச் சொன்னேன். பூஜையை எப்படி எழுதுவது என்று கேட்டாள். உள்ளது உள்ளபடி எழுது என்றேன். 'எங்கள் ஊரில் வருடத்தில் ஒரு நாள் கருவிகளை அணைத்து வணங்குவோம், அதில் இப்படி ஆகிவிட்டது' என்று எழுதினாள்.

3.10.2006, செவ்வாய்

பிழைத்தேன்!!

காலையில் பார்த்தால் நாலு பேர் பதில். பூனைப்படக்காரர் ஒரு வரிக் கட்டளையை எழுதியிருந்தார்: இதைக் கறுப்புத் திரையில் அடி. கூடவே, கருவிகளை வணங்கும் வழக்கம் தனக்கு மிகவும் பிடித்திருக்கிறது என்றும், தன் கம்ப்யூட்டரைத் தான் இதுவரை திட்டத்தான் செய்திருப்பதாகவும் எழுதியிருந்தார்.

அடித்தேன். ஐந்து தேதிகள் வந்தன. 98 தனக்குள் எது எது எங்கே என்கிற குடும்ப விவரத்தைத் தினமும் காலையில் ஒரு நகல் எடுத்து ஒளித்து வைத்துக்கொள்ளுமாம். ஏழு வருடமாக அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், எனக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை. பூஜைக்கு முந்தின சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு நிமிடம் யோசித்தது. அப்புறம் அந்தத் தொடக்கப் பாட்டு வந்தது. அந்தப் பாட்டை நான் இவ்வளவு பிரியமாகக் கேட்டதே இல்லை. முத்துசாமி அண்ணன் மெஷினை நிறுத்திவிட்டு வந்து கேட்டார்.

பிறகு மூட்டையை முதலிலிருந்து மறுபடி போட்டேன். முதலாளியம்மா நாற்காலி போட்டு மெயின் சுவிட்சுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டார், காவலுக்கு.

4.10.2006

போட்டோ திறக்கிறது, கேமராப் போட்டோவும் திறக்கிறது, உறையவில்லை. ஆனால் அச்சுக்கு அனுப்பினால் எங்கள் தமிழ் சாஃப்ட்வேர் தானாக மூடிக்கொள்கிறது. ஒன்றைப் பிடித்தால் ஒன்று நழுவுகிறது, சீ. முதலாளியம்மா இன்னும் ஒரு நாள் தருகிறார்.

5.10.2006, வியாழன்

மூட்டை மாற்றிய கோப்புகள் அறுபத்திரண்டு. பழையவற்றை ஒரு ஓரமாக எடுத்துவைத்திருக்கிறது, நல்ல வேளை. ஒவ்வொன்றாகப் பழையதைத் திருப்பி வைப்பது, அச்சுக்கு அனுப்பிப் பார்ப்பது, சரிவரவில்லை என்றால் புதியதையே மறுபடி வைப்பது. வேறு வழி தெரியவில்லை. முத்துசாமி அண்ணன் சாக்பீஸில் சுவரில் கோடு போட்டு எண்ணினார். கத்தரிக்காய் வேட்பாளர் பெஞ்சில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் வாக்கைத்தான் எண்ணுகிறோம் என்று நினைத்தாரோ என்னவோ, ஒவ்வொரு கோட்டுக்கும் தலையை ஆட்டினார்.

முப்பத்தேழாவது கோப்பு. அச்சு வந்துவிட்டது. சுவரில் அந்தக் கோட்டை மட்டும் அண்ணன் அழிக்கவில்லை.

13.10.2006

இன்று இங்கே வாக்குப்பதிவு. பத்து நாள் தூக்கமில்லாத வேலை, ஒரு நோட்டீஸ்கூடத் திருச்சிக்குப் போகவில்லை.

18.10.2006

முப்பத்தேழாவது கோப்பின் கதையை அந்தக் கூட்டத்துக்கு எழுதிவிட்டோம். அவர்கள் எனக்குச் செய்ததற்கு நான் ஏதாவது செய்ய வேண்டாமா? நான் தமிழில் எழுதிக் கொடுத்தேன், பிரவீணா ஆங்கிலமாக்கினாள். கடைசியில் 'தங்கள் உண்மையுள்ள' என்று போடச் சொன்னேன். அதெல்லாம் இங்கே போடமாட்டார்கள் என்றாள். மரியாதை மரியாதைதான் என்றேன். போட்டாள், ஆனால் பெருமூச்சு விட்டுக்கொண்டே போட்டாள்.

9.12.2006, சனி

புது மூட்டை வந்திருக்கிறது. அதற்குள் ஒரு குறிப்பு: 'இந்தத் தமிழ் எழுத்து சாஃப்ட்வேர் கம்ப்யூட்டரில் இருந்தால் இந்தக் கோப்பை மாற்றாமல் விடும்.' கீழே நன்றி சொல்லும் பட்டியலில் பன்னிரண்டாவது பெயர்: அரியமுத்து, அரியலூர்.

பிரவீணா சத்தமாக வாசித்தாள். நான் கண்ணாடியைத் துடைத்தேன். லாரித் தூசி, இந்த ஊரில் எப்போதும் தூசிதான். இதற்கு மட்டும் அவள் வாயை மூடிக்கொண்டாள்.

காகிதத்தில் எடுத்துச் சிந்தாமணியிடம் காட்டினேன். தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தாள். மாவரைக்கச் சொல்லவில்லை.

16.1.2007, செவ்வாய்

மாட்டுப் பொங்கல். முதலாளியம்மா வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். இலையில் பாயசம் ஊற்றும்போது போகிறபோக்கில் சொன்னார்: "திருச்சிக்காரருக்குப் போன் பண்ணி வேணாம்னுட்டேன்." அவ்வளவுதான். நான் பாயசத்தை ரெண்டாவது முறை கேட்டு வாங்கினேன்.

11.3.2007

பெரம்பலூரில் ஒரு அச்சகத்துக்குப் போய்வந்தேன், சி.டி.யோடு. அவர்களுக்கும் அதே தமிழ் சாஃப்ட்வேர், அதே தவிப்பு. நான் கம்பெனி இன்ஜினியர் என்று நினைத்துக்கொண்டு ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தார்கள். இல்லை, நானும் உங்களை மாதிரிதான் என்று சொல்வதற்குள் போண்டா வந்துவிட்டது. தின்றுவிட்டுச் சொன்னேன். வேலை முடிய ஒரு மணி நேரம் ஆனது. கிளம்புவதற்கு முன் அவர்கள் எல்லாரையும் நிறுத்தி ஒன்றை மட்டும் ரெண்டு முறை சொன்னேன்: நடுவில் மெயினை அணைக்காதீர்கள்.

எனக்கு ஒரு ரூபாயும் வேண்டாம் என்றதை அவர்களால் நம்பவே முடியவில்லை. ஏன் செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். பூனைப்படம் போட்ட ஒருவரைத்தான் கேட்க வேண்டும் என்றேன்.

4.6.2007

அந்தக் கீழப்பழுவூர்க்காரர் திரும்பி வந்தார்! புதுமனை புகுவிழா. பென் டிரைவை வாங்கும்போது நானே அதை என் சட்டையில் ஒரு முறை துடைத்துவிட்டுச் சொருகினேன். அவருக்கு ஞாபகம் இருந்ததா தெரியவில்லை. எனக்கு இருந்தது.

19.10.2007, வெள்ளி

பூனைப்படக்காரரின் புது மூட்டை. நாளை ஆயுத பூஜை, வேறு நாள் கிடையாது. இந்த முறை முதலாளியம்மாவிடம் சொல்லிவிட்டேன். எவ்வளவு நேரம் ஆகும் என்று மட்டும் கேட்டார். ஒன்பதுக்குப் போட்டால் பத்துக்கு முடியும் என்றேன். பத்தரை வரை ராகு காலம், அதற்கப்புறம்தான் பூஜை என்றார். கணக்கு சரியாக இருக்கிறது.

20.10.2007, சனி

கணக்கு சரியாக இல்லை.

பத்தரைக்குக் கோடு முக்கால்வாசியில் நின்றுகொண்டிருந்தது. வாழைக்கன்று கட்டியாகிவிட்டது, பொரி குவித்தாகிவிட்டது, கற்பூரம் தட்டில். பிரவீணாவும் மாடியைப் பூட்டிவிட்டு வந்துவிட்டாள். முத்துசாமி அண்ணன் பழக்க தோஷத்தில் மெயின் சுவிட்ச் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

"கையை எடு முத்துசாமி," என்றார் முதலாளியம்மா. "அது முடிக்கட்டும்."

எல்லாரும் காகிதக் கட்டுகள் மேல் உட்கார்ந்தோம். கோடு ஒரு நூல் நகர்ந்தது. பிறகு ஒரு நூல். முதலாளியம்மா முந்தானையால் விசிறிக்கொண்டு என் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல நேரம் போகிறதே என்று நான் இழுத்ததற்கு, முடிகிற நேரம்தான் நல்ல நேரம் என்று சொல்லிவிட்டார்.

பதினொன்று இருபதுக்குக் கம்ப்யூட்டர் அணைந்து, தானே எழுந்து, பாட்டைப் பாடியது. நான் முறையாக அணைத்தேன். அப்புறம்தான் அண்ணன் மெயினை அணைத்தார், அப்புறம்தான் கற்பூரம் ஏற்றினார்கள். என் பெட்டிக்கு முதல் பொட்டு.

வாசலில் உடைக்கக் காய் வேண்டுமே, காலையிலிருந்து நான் இடத்தை விட்டு நகரவே இல்லையே என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. மூலையில் பை இருந்தது. விடியற்காலையிலேயே முதலாளியம்மா தானே கடைவீதிக்குப் போய்ப் பூசணிக்காயை வாங்கி வந்து வைத்திருந்தார்.